முன்னால் டிக்டிக்... பின்னால் இருட்டு!



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்ததும் மற்றக் கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டேன். ரெங்கம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி எழுதியது. அவர் வீட்டில் பழைய புரோட்டோன் சாகா ஒன்று இருக்கிறது. அப்பா காலத்தில் வாங்கியதாம். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், சம்பளம் போட்ட வாரம் குளுவாங்கிற்குப் போய்ச் சாமான் வாங்கவும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் அந்த ஒரு வண்டிதான்.

"அண்ணே, என் காடியில் இடது பக்கம் சிக்னல் போட்டால் நிதானமாக மின்னுகிறது. வலது பக்கம் போட்டால் டிக்டிக்டிக் என்று தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். 'வயர் எல்லாம் பழசு, முழுக்க மாற்ற வேண்டும், அறுநூறு வெள்ளி ஆகும்' என்கிறார்கள். மின்னத்தானே செய்கிறது, இப்படியே ஓட்டலாமா? இல்லை, கடன் வாங்கியாவது மாற்றிவிட வேண்டுமா?"

தம்பி, இப்படியே ஓட்டவும் கூடாது, கடன் வாங்கவும் வேண்டாம். காடிக்கு வாய் கிடையாது. ஆனாலும் அது உங்களிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. அது என்னவென்று விளங்கிக்கொண்டால் போதும். பெரும்பாலும் ஒரு பல்பு விலையோடு காரியம் முடிந்துவிடும்.

அதைச் சொல்வதற்கு முன், எனக்கு நடந்ததைக் கேளுங்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆயர் ஈத்தாம் சடக்கில் ஒரு மாலை

பல வருடங்களுக்கு முன் நடந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. குளுவாங்கில் துணிமணி வாங்கிக்கொண்டு ஆயர் ஈத்தாம் போகும் பெரிய சடக்கில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டு இருட்டிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் வீட்டுக்காரி, அவள் மடியில் சின்னவள் தூக்கம்.

என் காரிலும் இதே கோளாறுதான். வலது சிக்னல் போட்டால் டிக்டிக் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்கும். பத்து நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தது. 'பெருநாள் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டிருந்தேன்.

தோட்டத்துச் செம்மண் பாதை வலது பக்கம். வேகத்தைக் குறைத்துச் சிக்னல் போட்டேன். கண் முன்னால் பச்சை அம்பு மின்னியது, காதில் டிக்டிக் கேட்டது. திரும்புவதற்கு ஸ்டியரிங்கை வளைத்தபோது வலது காதருகே ஒரு ஹாரன் அலறியது பாருங்கள், உயிரே போய்விட்டது! செம்பனைப் பழம் ஏற்றிய லோரி ஒன்று என்னை முந்திக்கொண்டு வந்தது. இடது பக்கம் வெட்டிப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். லோரி ஒரு முழ இடைவெளியில் தாண்டிப் போனது. சின்னவள் விழித்துக்கொண்டு அழுதாள்.

லோரிக்காரரும் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான் முந்திக்கொண்டு, "சிக்னல் போட்டேனே, கண் தெரியவில்லையா?" என்று கத்தினேன். அந்தச் சீனப் பெரியவர் பதிலுக்குக் கத்தவில்லை. கையைக் காட்டிக் காரின் பின்பக்கம் வரச் சொன்னார். போய்ப் பார்த்தேன். உள்ளே டிக்டிக் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னால் வலது விளக்கு மின்னுகிறது. பின்னால் வலது விளக்கு மட்டும் இருட்டு.

பின்னால் வந்தவருக்குத் தெரிந்தது என்ன? பிரேக் விளக்கு மட்டும்தான். 'இவன் எதற்கோ ஓரமாக நிறுத்தப் போகிறான்' என்று நினைத்து வலது பக்கம் ஏறி முந்தினார். அவர் செய்தது தப்பில்லை. எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

அவர் லோரிப் பெட்டியில் பல்பு தேடிப் பார்த்தார். இருந்தது. ஆனால் லோரி பல்பு 24 வோல்ட், என் காருக்கு வேண்டியது 12 வோல்ட். கடைசியில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு சடக்கின் நடுவில் நின்று, வருகிற வண்டிகளை நிறுத்தி, நான் திரும்பும் வரை காவல் இருந்துவிட்டுப் போனார். அந்தப் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். சிக்னல் விளக்கு நமக்காக எரிவதல்ல, பின்னால் வருகிறவனுக்கும் எதிரே வருகிறவனுக்கும் நாம் கொடுக்கும் வாக்கு அது. சீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த வாக்கு போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

கைகாட்டியிலிருந்து மின்னும் விளக்கு வரை

அறுபது வயது தாண்டிய வாசகர்களுக்கு மோரிஸ் மைனர் கார் ஞாபகம் இருக்கும். தோட்டத்து டிரஸரும் டவுன் வாத்தியாரும் அதில் போவார்கள். முதலில் வந்த மோரிஸ் மைனரில் மின்னும் சிக்னல் கிடையாது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து, ரயில் கைகாட்டி மாதிரி ஒரு சிறிய கை வெளியே நீளும். அதற்குள்ளே ஒரு விளக்கு எரியும். 1961-இல்தான் அந்தக் காருக்கு மின்னும் விளக்கு வந்தது.

கை நீட்டினாலும் விளக்கு மின்னினாலும் வேலை ஒன்றுதான். நின்று எரியும் விளக்கை மனிதக் கண் சீக்கிரம் மறந்துவிடும், அணைந்து அணைந்து எரிகிற விளக்கை மறக்காது. அதனால்தான் மின்ன வைத்தார்கள். எத்தனை தடவை மின்ன வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை எண் 48 சொல்வது நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 வினாடி எண்ணிப் பாருங்கள். 15-க்கும் 30-க்கும் நடுவில் இருந்தால் சரி. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் வண்டிக்கு உடம்பு சரியில்லை.

ஏன் வேகமாக ஓடுகிறது?

மின்சாரம் போகும் பாதையை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து பியூஸ், சாவி, பிளாஷர் ரிலே, ஸ்டியரிங் பக்கத்துக் கைப்பிடி, அங்கிருந்து இடது அல்லது வலது பல்புகள். பல்பைத் தாண்டியதும் காரின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்கே திரும்பும். இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். பழைய காரில் பாதித் தொல்லை இந்த எர்த்தில்தான்.

'டிக்டிக்' என்று சத்தம் போடுவது பிளாஷர் ரிலே. கட்டைவிரல் பருமனில் சிறிய டப்பா. முன்னும் பின்னும் உள்ள சிக்னல் பல்புகள் ஒவ்வொன்றும் 21 வாட். 12 வோல்டில் ஒரு பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் 3.5 ஆம்பியர். பக்கத்தில் 5 வாட் சிறிய விளக்கு இருந்தால் ஏறக்குறைய 4 ஆம்பியர். ரிலேக்குத் தெரிந்தது இந்தக் கணக்கு ஒன்றுதான். ஒரு பல்பு செத்துவிட்டால் மின்சாரம் பாதியாகக் குறையும். மின்னணு ரிலே உடனே தாளத்தை இரட்டிப்பாக்கிவிடும். 'ஐயா, ஒருத்தன் வேலைக்கு வரவில்லை' என்று பெரட்டுக் களத்தில் மண்டோர் கணக்குச் சொல்வது போலத்தான்!

இன்னும் பழைய கார்களில் சூட்டில் வளையும் தகடு வைத்த ரிலே இருக்கும். அதில் ஒரு பல்பு போனால் தகடு போதிய சூடாகாது. அதனால் பெரும்பாலும் மெதுவாக மின்னும், அல்லது மின்னாமல் நின்று எரியும். எது எப்படியோ, தாளம் மாறினால் பல்பைப் பார் என்று அர்த்தம்.

வீட்டார் எல்லோரும் செய்யும் சோதனை

இதைத் தனியாகச் செய்ய முடியாது. வீட்டில் ஒருவர் சாவியைத் திருப்பி உள்ளே உட்காரட்டும், எஞ்சின் ஓட வேண்டியதில்லை. இன்னொருவர் வண்டியைச் சுற்றி நடக்கட்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, பக்க விளக்கு என்று ஒவ்வொன்றாக "எரியுது", "எரியல" என்று சொல்லட்டும். அதன் பிறகு சிவப்பு முக்கோணம் போட்ட அவசரப் பொத்தானை அழுத்துங்கள், நான்கும் சேர்ந்து மின்ன வேண்டும்.

கண்டதை வைத்து நோயைப் பிரிக்கலாம்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக ஓடுகிறது, ஒரு விளக்கு இருட்டு: அந்த விளக்கின் பல்பு, பல்பு மாட்டும் கூடு, அல்லது அதன் எர்த்.

இரண்டு பக்கமும் சாவு, ஆனால் அவசரப் பொத்தான் போட்டால் நான்கும் மின்னுகிறது: பல்புகளும் வயரும் நலம். பல கார்களில் ரிலேயும் இரண்டுக்கும் ஒன்றே, ஆகவே அதுவும் நலம். சிக்னலுக்கு உரிய பியூஸைப் பாருங்கள். அடுத்து அந்த அவசரப் பொத்தானையே பத்துப் பதினைந்து தடவை அழுத்தி எடுங்கள். பல பழைய கார்களில் சிக்னலுக்குப் போகும் மின்சாரம் அந்தப் பொத்தான் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கில் தொடாமல் இருந்தால் உள்ளே களிம்பு பிடித்துவிடும். அழுத்தி அழுத்தி விட்டதும் உயிர் வந்த சிக்னல்களை நானே பார்த்திருக்கிறேன்.

எதுவுமே எரியவில்லை: பியூஸ், அல்லது ரிலே.

விளக்கு எரிகிறது, ஆனால் மின்னாமல் நிற்கிறது: ரிலே, அல்லது சோர்ந்துபோன பேட்டரி.

சிக்னல் போட்டால் பக்கத்தில் உள்ள பின் சிவப்பு விளக்கும் மங்கலாகச் சேர்ந்து மின்னுகிறது: இது பல்பு நோய் அல்ல, எர்த் நோய். போகிற வழி அடைத்துக்கொண்டதால் மின்சாரம் அடுத்த விளக்கின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

திரும்பி முடித்த பிறகும் கைப்பிடி தானாகத் திரும்பி வரவில்லை: ஸ்டியரிங் தண்டுக்குள் உள்ள பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். இதைப் பட்டறையில் விடுங்கள். அதுவரை கையால் அணைக்க மறக்காதீர்கள். அணையாத சிக்னல் பொய்ச் சாட்சி மாதிரி. அதை நம்பி ஒருவன் குறுக்கே வந்துவிடுவான்.

பல்பும் கூடும்

பின் விளக்குப் பல்புக்குப் பெரும்பாலான கார்களில் சாமான் பெட்டிக்குள்ளிருந்தே கை போகும். முன் விளக்குக்குச் சில கார்களில் வெளிக் கண்ணாடியின் திருகாணியைக் கழற்ற வேண்டும். பல்பை உள்ளே அழுத்தி இடது பக்கம் திருப்பினால் வெளியே வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தாலும், கண்ணாடி கறுத்திருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

புதுப் பல்பு வாங்கக் கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். 12 வோல்ட் 21 வாட் என்று அடியில் எழுதியிருக்கும். பிரேக்கும் பின் விளக்கும் சேர்ந்த பல்பு 21/5 என்று இரண்டு கம்பி உள்ளது. அது சிக்னலுக்கு ஆகாது. 'பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது' என்று 10 வாட் பல்பை மாட்டினாலும் தாளம் தப்பிவிடும்.

புதுப் பல்பு போட்டும் எரியவில்லையா? பல்பு மாட்டும் கூட்டைப் பாருங்கள். நம் ஜொகூர் மழையும் தோட்டத்துச் செம்மண் தூசியும் சேர்ந்தால் செம்பும் பித்தளையும் பச்சை பூத்துவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பகாட் எல்லாம் வெள்ளத்தில் தவித்தது மறந்திருக்காது. 2023 மார்ச்சில் யொங் பெங், சிகாமட் பக்கம் மறுபடியும் வெள்ளம். தண்ணீரில் நின்ற கார்களின் எஞ்சினைத் துடைத்து ஓட வைத்துவிட்டார்கள். விளக்குக் கூட்டுக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீரை யார் பார்த்தார்கள்? அது மெல்ல மெல்ல அரித்து, ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிட்டு, மெல்லிய மணல் தாளைச் சுருட்டிக் கூட்டின் உள்பக்கத்தையும் அடியில் உள்ள பித்தளை நாக்கையும் பளிச்சென்று வரும்வரை தேயுங்கள். நாக்கு அமுங்கிக் கிடந்தால் மெதுவாகத் தூக்கிவிடுங்கள். அடுத்து எர்த் வயர் உடம்பில் முறுக்கியிருக்கும் திருகாணியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். ஒரு துளி கிரீஸ் தடவினால் ஈரம் புகாது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். அந்தச் சின்னத் திருகாணியை நம்பித்தான் பின்விளக்கே எரிகிறது.

சோதனை விளக்கும் ரிலேயும்

பழைய 12 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு முழ வயர், ஒரு கிளிப். இவ்வளவுதான் சோதனை விளக்கு. பல்பின் உடம்பில் ஒரு வயர், அடியில் ஒரு வயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கிளிப்பால் காரின் சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். மறுமுனையைச் சந்தேகப்படும் இடத்தில் தொடுங்கள். எரிந்தால் அதுவரை மின்சாரம் வந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து பல்பு வரை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். எரிந்த கடைசி இடத்துக்கும் எரியாத முதல் இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

ரிலேயைச் சோதிக்கவும் வழி உண்டு. அதைப் பிடுங்கினால் கால்களின் பக்கத்தில் பி, எல், ஈ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். பி என்பது பேட்டரியிலிருந்து வருவது, எல் என்பது விளக்குக்குப் போவது, ஈ என்பது எர்த். சாவியைத் திருப்பி, வலது சிக்னல் போட்டு, ரிலே இருந்த கூட்டில் பி-யையும் எல்-லையும் ஒரு சின்ன வயரால் ஒரு கணம் சேருங்கள். விளக்குகள் மின்னாமல் நின்று எரிந்தால் ரிலேதான் செத்தது, புதிது வாங்கலாம். எரியவில்லையென்றால் ரிலேமேல் பழி போடாதீர்கள். ஈ-யை மட்டும் தொட்டுவிட வேண்டாம், பியூஸ் போய்விடும்.

வெள்ளித்தாள் வேண்டவே வேண்டாம்

பியூஸ் போனால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுகிற பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. 'வீடு போய்ச் சேருகிற வரை' என்பார்கள், ஆறு மாதம் அப்படியே கிடக்கும். நான்கு விளக்கும் சேர்ந்து மின்னினால்கூட 8 ஆம்பியர் சுமார்தான். மூடியில் எழுதியிருக்கும் அளவு பியூஸ் அதற்குத் தாராளம். அது எரிந்தது என்றால் எங்கோ வயர் உரசுகிறது என்று பொருள். வெள்ளித்தாள் எரியாது. அதற்குப் பதிலாக வயர் எரியும், வயரோடு காரும் எரியும். கார்ப் பெட்டியில் இரண்டு பியூஸும் இரண்டு பல்பும் எப்போதும் இருக்கட்டும்.

எல்.இ.டி. பல்பு மாட்டிய இளைஞர்களுக்கு

'வெளிச்சம் பளீரென்று இருக்கிறது' என்று பழைய காரில் எல்.இ.டி. சிக்னல் பல்பு மாட்டிவிட்டு, 'அங்கிள், வேகமாக ஓடுகிறதே' என்று வருகிறார்கள். எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. பழைய ரிலே என்ன நினைக்கும்? பல்பு செத்துவிட்டது என்று நினைக்கும்! எல்.இ.டி.க்கென்றே உள்ள ரிலேயை மாற்றினால் தாளம் சரியாகும். மின்தடை ஒன்றைச் சேர்த்துக் கட்டும் வழியும் உண்டு. ஆனால் அது கை சுடும் அளவுக்குக் கொதிக்கும். பிளாஸ்டிக் பக்கத்தில் கட்டிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் பழைய பல்பே போதும். பகல் வெயிலில் தெரியாத நீலமும் வெள்ளையும் வேண்டாம், மஞ்சள்தான் சிக்னலுக்கு உரிய நிறம்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை

விடியற்காலை இருட்டில் காட்டுக்குப் போகிறவர்களில் காரைவிடக் கப்சாயில் போகிறவர்களே அதிகம். உங்கள் வண்டிக்கும் இதே பாடம்தான், பல்பு மட்டும் சிறியது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது சிக்னல் மின்னாமல் நின்று, முறுக்கியதும் மின்னினால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று பொருள். பழைய 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் பல்பு வாங்கி மாட்டிவிட்டு மங்கலாக எரிகிறது என்று வருந்தாதீர்கள். சிக்னல் சாகும் நாளில் கையாவது நீட்டுங்கள். வலது கையை நேராக நீட்டினால் வலது பக்கம் திரும்புகிறேன் என்று எவருக்கும் புரியும்.

தம்பியின் இரண்டாவது கடிதம்

ரெங்கம் தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கமாக அப்போதே பதில் எழுதிவிட்டேன். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன் அவரிடமிருந்து மறுகடிதம் வந்துவிட்டது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் காடியை நிறுத்தினேன். சம்சாரம் உள்ளே உட்கார்ந்து சிக்னல் போட்டாள். மகள் பின்னால் போய் நின்று, 'அப்பா, இது எரியவே இல்லை' என்றாள். எத்தனை நாளாக எரியவில்லையோ! பல்பைக் கழற்றினேன். பல்பு நன்றாகத்தான் இருந்தது, கூடு முழுக்கப் பச்சை. வெள்ளத்தில் நின்ற காடிதான் அண்ணே. மணல் தாள் போட்டுத் தேய்த்தேன். பழைய பல்பையே மாட்டினேன், எரிந்தது. செலவு மணல் தாளுக்கு மட்டும்தான். ஆனால் அண்ணே, ராத்திரி படுத்தபோது தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சடக்கில் வலது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேனே என்று."

தம்பி, அந்தத் தூக்கம் வராத ராத்திரி நல்லதுதான். எனக்கும் அப்படி ஓர் இரவு வந்தது. ஆபத்து சொல்லிக்கொண்டா வரும் என்பார்கள். சிக்னல் விஷயத்தில் அது சொல்லிக்கொண்டுதான் வருகிறது, டிக்டிக்டிக் என்று. நாம்தான் வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிடுகிறோம்.

பட்டறைக்காரர் எல்லோரையும் குறை சொல்லவில்லை. வயர் உருகியிருந்தாலும், புதுப் பியூஸ் மாட்டியதும் மாட்டியதும் எரிந்தாலும், ஸ்டியரிங்கைப் பிரிக்க வேண்டியிருந்தாலும் தெரிந்த போமனிடம்தான் போக வேண்டும். ஆனால் போகும்போது 'சிக்னல் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'பின் வலது எரியவில்லை, பல்பு நலம், கூட்டுக்கு மின்சாரம் வரவில்லை' என்று சொல்லுங்கள். அப்புறம் முழு வயரையும் மாற்ற வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் காரைக் கழுவும்போது பிள்ளைகளைப் பின்னால் நிறுத்தி ஒரு தடவை சிக்னல் போட்டுப் பாருங்கள். "எரியுது அப்பா" என்ற அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டுப் பெரிய சடக்கில் ஏறுங்கள்.

மழைக்காலம் வருகிறது. அடுத்த இதழில் மழையில் நின்றுவிடும் எஞ்சினைப் பற்றிப் பார்ப்போம். உங்கள் வண்டியின் தொல்லைகளை எழுதுங்கள், எந்த வருடத்துக் கார் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.